கடைசிச் சீட்டுக்கு ஏலம் இல்லை

மல்லிகாக்கா வீட்டு வாசலில் அன்றைக்கு ஒரே ஒரு ஜோடி செருப்புதான் கிடந்தது. அதுவும் மல்லிகாக்காவுடையது.

இரண்டு மாடி ஏறிய களைப்பில் மூச்சு வாங்க நின்றேன். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பேக்கரிப் பை. பைக்குள் மூன்று அட்டைப் பெட்டி, பெட்டிக்கு ஒரு தில்பசந்த். தேங்காய்ப்பூவையும் கலர் கலரான பழத்துண்டுகளையும் உள்ளே வைத்து வட்டமாகச் சுட்டெடுப்பார்களே, பெங்களூர் பேக்கரிகளில், அதுதான். ஒவ்வொன்றையும் நாலாக வெட்டித் தரச் சொல்லி வாங்கியிருந்தேன். மூன்று நாலு பன்னிரண்டு, ஆளுக்கு ஒரு துண்டு. சூடு ஆறுவதற்குள் கட்டிக் கொடுத்துவிட்டதால் பையின் அடியில் நெய் கசிந்து என் புடவையில் கறை பிடித்திருந்தது. துணிப்பெட்டியில் மடித்தே கிடக்கும் நல்ல புடவை, அன்றைக்கென்று எடுத்துக் கட்டியது.

மாதத்தின் முதல் ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. மல்லிகாக்கா நடத்தும் சீட்டு தொடங்கிப் பன்னிரண்டாவது மாதம். ஒரு வருஷமாக நான் காத்திருந்த நாள். என் சீட்டுப் பணம் அறுபதாயிரம், பைசா குறையாமல், அன்றைக்குத்தான் என் கைக்கு வர வேண்டும்.

மற்ற மாதங்களில் அந்த வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. செருப்பின் மேல் செருப்பாகக் கிடக்கும். திரும்பும்போது யாராவது ஒருத்தி இன்னொருத்தியுடையதை மாட்டிக்கொண்டு போய், தெருமுனையிலிருந்து திரும்பி வந்து, சிரிப்பும் சண்டையுமாக அதற்கே பத்து நிமிஷம் ஆகும்.

சீக்கிரம் வந்துவிட்டோமோ என்று போனில் மணி பார்த்தேன். நாலு பத்து. நான்தான் தாமதம்.

ஒரு கட்டில், ஒரு பெட்டி, ஒரு பக்கெட்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் கல்யாணக் கதை தெரியும். எட்டு மாதத்தில் முடிந்துபோன கதை. அதை மறுபடியும் கிளற எனக்குப் பொறுமை இல்லை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இவ்வளவு போதும். என் பெயர் விமலா. வயது நாற்பதைத் தாண்டி வெகுநாளாயிற்று. தனி ஆள். கிருஷ்ணகிரியில் ஒரு அண்ணன். ஓசூர் பஸ்ஸில் ஏறி பெங்களூர் வந்து இறங்கியவள், அப்படியே இங்கேயே இருந்துவிட்டேன்.

வேலை ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், துணி அறையில். மேலே உள்ள அறைகளிலிருந்து இறங்கிவரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் எண்ணிச் சலவைக்கு அனுப்ப வேண்டும், வந்ததை எண்ணி அடுக்க வேண்டும். இஸ்திரி சூடு ஆறாத விரிப்புகளின் மேல் கை வைத்தால் இதமாக இருக்கும். பேச்சுத் துணை கிடையாது. பேசினாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது.

தங்கியிருந்தது ஈஜிபுராவில் ஒரு லேடீஸ் பி.ஜி. விடுதியில். மூன்று கட்டில் போட்ட அறை. மற்ற இரண்டு கட்டில்களுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் வருவார்கள், ஆறு மாதம் இருப்பார்கள், வேறு வேலை கிடைத்தோ கல்யாணம் ஆகியோ போய்விடுவார்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டிருப்பார்கள். "ஆன்ட்டி, லைட் ஆஃப் பண்ணலாமா?" என்று கேட்பார்கள். பல நாட்களில் நான் மனிதக் குரலில் கேட்ட கடைசி வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். என் கூட அந்த அறையில் இருந்தவர்களை ஒருமுறை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேர் வரை ஞாபகம் வந்தது. அவர்களில் ஒருத்தியாவது இப்போது என்னை நினைப்பாளா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. உள்ளேயிருந்து நான் தாழ்ப்பாள் போடும் கதவு. எனக்குப் பிடித்த மாதிரி காரமாக ஒரு ரசம் வைக்க ஒரு அடுப்பு. பக்கெட்டில் என் பெயரைப் பெயின்ட்டால் எழுத வேண்டிய அவசியம் இல்லாத ஒரு குளியலறை. இது ஒன்றும் பேராசை இல்லையே.

ஆனால் பெங்களூரில் வாடகை வீடு என்றால் அட்வான்ஸ் கட்ட வேண்டும், அதுவும் பத்து மாத வாடகை. நான் பார்க்கக்கூடிய ஒற்றை அறை வீடுகளுக்கு வாடகை ஆறாயிரம். ஆக அறுபதாயிரம் மொத்தமாகக் கையில் இருக்க வேண்டும். எனக்குச் சம்பளமாகக் கைக்கு வருவது இருபதாயிரத்துக்குச் சற்று மேலே. அதில் பி.ஜி.க்கு எட்டாயிரத்து ஐந்நூறு போய்விடும். வருஷத்துக்குள் அறுபதாயிரம் சேர்த்துவிடுவது என்று உட்கார்ந்து முடிவு செய்தேன்.

முன்னால் மண்ணைக் கவ்விய கதைகள்

அதற்கு முன் மூன்று முறை சேமிக்கப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் தோல்விதான்.

முதல் முறை நகைக்கடையில் மாதாந்தரத் திட்டம். ஏழாவது மாதத்தில் அண்ணன் போன் செய்தான். பையனுக்குக் காலேஜ் சேர்க்க வேண்டும், ரெண்டே மாசத்தில் தந்துவிடுகிறேன் என்றான். பாதியில் முறித்து எடுத்துக் கொடுத்தேன். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடியவில்லை. பையன் காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், பைக்கும் வாங்கிவிட்டான். அண்ணன் போன் செய்வதுதான் நின்றுபோனது. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அவன் பேச்சையே நிறுத்திக்கொண்டான் பாருங்கள், அதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

இரண்டாவது முறை, பெட்டிக்குள் ஒரு எவர்சில்வர் டப்பா. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசி நேரத்தில் திறந்துவிடும் டப்பா அது.

மூன்றாவது முறை, அறையில் இருந்த ஒரு பெண் என் போனிலேயே மாதச் சேமிப்பு போட்டுக் கொடுத்தாள். தானாகப் பிடித்துக்கொள்ளும், ஆன்ட்டி நீங்க மறந்தே போயிடலாம் என்றாள். ஐந்தாவது மாதம் ஒரு மத்தியானம் மனசு சரியில்லாமல், கட்டிலில் படுத்தபடியே, கட்டை விரலால் நாலு தட்டுத் தட்டி முழுப் பணத்தையும் வெளியே எடுத்துவிட்டேன். ஏன் எடுக்கிறாய் என்று கேட்க ஒரு நாதி இல்லை. அதுதான் அந்த ஏற்பாட்டில் கோளாறு என்று எனக்குப் பட்டது.

அதனால்தான் மல்லிகாக்காவின் ஏலச்சீட்டில் சேர்ந்தேன். முகம் பார்த்துக் கட்ட வேண்டிய பணம். ஒரு மாதம் தவறினால் பதினோரு பேர் கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் சேர்ந்தேன்.

சீட்டு தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பன்னிரண்டு பேர், ஆளுக்கு மாதம் ஐயாயிரம், மொத்தம் அறுபதாயிரம். மாதம் ஒருவர் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் சீட்டு நடத்துகிறவருக்கு. அதன்பின் ஏலம். அவசரம் உள்ளவர்கள் ‘எனக்கு அறுபது வேண்டாம், ஐம்பது போதும்’ என்று தள்ளிக் கேட்டு எடுப்பார்கள். தள்ளிய பத்தாயிரத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வோம், அந்த மாதம் கட்ட வேண்டியது குறையும். ஒருவர் ஒருமுறைதான் எடுக்கலாம். எதற்கும் அவசரப்படாமல் கடைசி மாதம் வரை உட்கார்ந்திருப்பவருக்கு, தள்ளாமல் கொள்ளாமல் அறுபதாயிரமும் முழுசாக வரும்.

எனக்கு அவசரம் இல்லை. முதல் நாளே மல்லிகாக்காவிடம், எனக்குக் கடைசிச் சீட்டு போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு நாலு மணி

ஹோட்டல் வேலையில் ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது குதிரைக் கொம்பு. மாதத்தில் அந்த ஒரு ஞாயிற்றுக்காக மற்ற எல்லா ஞாயிறும் வேலை செய்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டி வாங்கினேன். பணத்தை மட்டும் அனுப்பிவிட்டால் போதாதா என்று அவர் கேட்டார். ஏலத்தில் உட்காராமல் எப்படி என்று ஒரு போடு போட்டேன். உண்மையில் நான் ஏலமே கேட்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரியாது.

மல்லிகாக்கா பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர்தான். சில சமயம் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். வீட்டுக் கூடத்தில் இரண்டு பாய் விரித்து, நடுவில் நோட்டோடு அவர் உட்கார, சுற்றிலும் நாங்கள். பதினைந்து நிமிஷத்தில் ஏலம் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் அசல் கூட்டம். யார் சீட்டை எடுத்தார்களோ அவர்கள் செலவில் கீழே தள்ளுவண்டியிலிருந்து மிளகாய் பஜ்ஜி வரும், டீ வரும். அது அந்தச் சீட்டின் வழக்கம். வீட்டு ஓனர் கதை, தண்ணீர் லாரி கதை, யார் வீட்டு மருமகள் என்ன சொன்னாள் என்ற கதை. ஆறரை வரை ஓடும்.

எனக்கு எப்போதும் ஃபிரிட்ஜ் பக்கத்துச் சுவரோரம் இடம். அதைப் பிடித்து வைப்பவள் ரேணுகா. முப்பது வயதுக்காரி, திருவண்ணாமலைப் பக்கம். வீட்டிலேயே ரவிக்கை தைப்பாள், புருஷன் ஆட்டோ ஓட்டுகிறவர், இரண்டு பெண் பிள்ளைகள். நான் வரும்வரை என் இடத்தில் தன் கைப்பையை வைத்திருப்பாள், வேறு யாரும் உட்கார வந்தால் விமலாக்கா இடம் என்று சொல்லிவிடுவாள். எனக்கு இடம் என்று இந்த ஊரில் யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

என் ரவிக்கைக் கை லூசாக இருப்பதை அவள்தான் கவனித்து, வாங்கிக்கொண்டு போய்ப் பிடித்துத் தந்தாள். காசு வேண்டாம் என்றுவிட்டாள். கூட்டம் முடிந்ததும் தெருமுனை வரை என்னோடு நடந்து வருவாள். பி.ஜி.யில் இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்பாள், நான் சொன்னதும் முகத்தைச் சுளிப்பாள். மாதத்தில் அந்தச் சிறு நடைக்காகத்தான் நான் மற்ற இருபத்தொன்பது நாளையும் ஓட்டினேன் என்று இப்போது எழுத வெட்கமாக இல்லை. அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

எனக்கு அங்கே பெயரே ‘கடைசிச் சீட்டு’. கடைசிச் சீட்டு வந்தாச்சு, டீ ஊத்துங்க என்பார்கள். கேலிதான், ஆனாலும் கேட்கப் பிடித்திருந்தது.

பத்தாவது மாதம்

அந்த ஒரு வருஷத்தில் டு-லெட் போர்டு பார்ப்பதே என் பொழுதுபோக்காகிவிட்டது. வேலை விட்டு வரும்போது ஒரு நாளைக்கு ஒரு சந்து என்று புகுந்து வருவேன். போர்டைப் பார்த்து மணி அடித்தால் முதல் கேள்வி, எத்தனை பேர். ஒருத்திதான் என்றால், பேச்சலர்ஸுக்குக் கொடுப்பதில்லை என்பார்கள். இந்த வயதில் என்னைப் பேச்சலர் என்று சொல்ல இந்த ஊரால் மட்டும்தான் முடியும்.

பத்தாவது மாதத்தில் ஒரு வீடு அமைந்தது. மொட்டை மாடியில் ஒற்றை அறை, தனிக் கதவு, துணி காயப்போடக் கொடி. ஓனரம்மா கன்னடக்காரர், அவரும் தனியாள். "ஒப்பரேனா?" என்று கேட்டார், ஒருத்தர்தானா என்று. ஆமாம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றார். இருக்கிறவர்கள் இரண்டு மாதத்தில் காலி செய்வார்கள், அதற்குள் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், டோக்கன் ஐயாயிரம் வை, மீதியை அன்றைக்குக் காசாகக் கொடு, தவறினால் டோக்கன் திரும்ப வராது என்றார். போனஸில் ஒதுக்கியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். கால் தரையில் படாமல் நடந்து வந்தேன்.

அந்த மாதச் சீட்டு ஞாயிறன்றுதான் ரேணுகா கேட்டாள்.

அவள் புருஷன் ஆட்டோவோடு கவிழ்ந்து கால் எலும்பு முறிந்திருந்தது. பிளேட் வைக்க வேண்டும், முன்பணம் கட்டாமல் ஆஸ்பத்திரியில் தொட மாட்டோம் என்றுவிட்டார்கள். அவள் தன் சீட்டை இரண்டாவது மாதமே பிள்ளைகளின் ஃபீஸுக்காகத் தள்ளி எடுத்துவிட்டாள். எடுக்காமல் மீதி இருந்தவர்கள் நாங்கள் மூன்று பேர். மற்ற இரண்டு பேருக்கும் அவரவர் வீட்டில் செலவு காத்திருந்தது. நான் ஒருத்திதான் எப்படியும் கடைசி வரை உட்கார்ந்திருக்கப் போகிறவள்.

எல்லாரும் இருக்கும்போதே கேட்டாள். ஒளித்து மறைத்துக் கேட்கத் தெரியாதவள்.

"விமலாக்கா, இந்த மாச சீட்ட நீங்க எடுத்து எனக்குக் குடுங்க. எவ்ளோ தள்ளி எடுத்தாலும் அது என்னோட நஷ்டம். ரெண்டே மாசம்க்கா. பன்னெண்டாம் மாசம் முழுசா அறுபதாயிரமா உங்க கையில வச்சிடறேன்."

ரெண்டே மாசம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் அண்ணன் குரல் கேட்டது. கால் ஒடிந்து புருஷன் வீட்டில் படுத்திருக்க, ரவிக்கை தைத்து இவள் இரண்டு மாதத்தில் அறுபதாயிரம் எங்கிருந்து புரட்டுவாள்? என் டோக்கன் போகும், வீடு போகும், இன்னொரு வருஷம் அதே கட்டிலில் கிடக்க வேண்டும். பயம், வேறொன்றும் இல்லை. அந்தப் பயத்தில் என் குரல் வேண்டியதற்கு மேல் விறைப்பாக வந்தது.

"என்னால முடியாதும்மா. நான் வீட்டுக்கு டோக்கன் குடுத்துட்டேன்."

சுவரோரம் இருந்த ஒருத்தி, பெயர் வேண்டாம், யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"ஒண்டியாளுக்கு எதுக்கு அவ்ளோ அவசரமா தனி வீடு?"

யாரும் அவளை அடக்கவில்லை. மல்லிகாக்கா நோட்டில் எதையோ திருத்துவது போலக் குனிந்துகொண்டார். ரேணுகாதான் சட்டென்று பேசினாள். பரவாயில்லக்கா, கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் கேட்டேன் என்றாள். சிரிக்கக்கூடச் செய்தாள். அன்றைக்கு பஜ்ஜியை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் முன்னாலேயே எழுந்து போய்விட்டாள். தெருமுனை வரை நான் தனியாகத்தான் நடந்தேன்.

இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டப் போகிறவர்கள் இருப்பீர்கள். திட்டுங்கள். ஆனால் ஒன்று, அன்றைக்கு என் இடத்தில் இருந்து பார்க்காமல் திட்டாதீர்கள். என் பின்னால் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. விழுந்தால் நான்தான் விழ வேண்டும், நான்தான் எழ வேண்டும்.

பதினோராவது மாதம் போனபோது ஃபிரிட்ஜ் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது, ஆனால் கைப்பை இல்லை. ரேணுகா எதிர்ப்பக்கம், வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் தாலிச் செயின் இல்லை, புது மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். எல்லாரும் பார்த்தோம், யாரும் கேட்கவில்லை. தன் பங்கை எண்ணி வைத்துவிட்டு, பிள்ளைகள் தனியாக இருக்கிறார்கள் என்று டீக்குக்கூட நிற்காமல் போனாள்.

பன்னிரண்டு துண்டு

ஆக, பன்னிரண்டாவது மாதம் அந்தப் பையோடு நான் படி ஏறியது வெறும் பணத்துக்காக மட்டும் இல்லை. என் முறை வரும்போது பஜ்ஜி இல்லாமல் நல்லதாக ஏதாவது எல்லாருக்கும் கொடுக்க வேண்டும், முக்கியமாக ரேணுகாவுக்கு என் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதில் கொஞ்சம் சரியாகிவிடும் என்று ஒரு நப்பாசை.

"வா விமலா, இன்னா அங்கியே நின்னுக்கினு?" என்று மல்லிகாக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

பாய் விரித்திருக்கவில்லை. டிவி ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எங்கே என்று கேட்டேன். மல்லிகாக்கா என்னைப் புரியாமல் பார்த்தார், பிறகு என் கையில் இருந்த பையைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"கடைசி சீட்டுக்கு யாருமா வருவாங்கோ? ஏலமே இல்லியே. எல்லாம் போன்ல போட்டுட்டாங்கோ."

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது, வருஷா வருஷம் போடுகிறவர்களுக்கு அது தெரிந்த விஷயம். எடுப்பதற்குச் சீட்டு இல்லாத மாதத்தில் எதற்காக வருவார்கள்? இல்லை, நான் கொடுக்க மறுத்தது மனதில் இருந்துதான் வரவில்லையா? மல்லிகாக்காவிடம் நேராகவே கேட்டேன். சேச்சே, எப்பவும் இப்படித்தான் என்றார். பாதி நம்பினேன்.

வங்கியிலிருந்து எடுத்து வைத்திருந்த பணத்தை எண்ணிக் கொடுத்தார். என் பங்கு ஐயாயிரத்தை நான் அவரிடம் கொடுக்க, அதையும் சேர்த்து அறுபதாகத் திருப்பித் தந்தார். நோட்டைக் காட்டினார். பதினோரு பெயருக்கும் எதிரே தேதி இருந்தது. முதலில் வந்திருந்தது ரேணுகாவுடையது. நாலு நாள் முன்னாலேயே போட்டுவிட்டாள்.

மல்லிகாக்கா ஒரு துண்டு சாப்பிட்டார், சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே. நானும் ஒன்று எடுத்து ஒரு கடி கடித்துவிட்டுப் பெட்டியிலேயே வைத்தேன். இரண்டு பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, மூன்றாவதைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு ரேணுகா வீட்டுக்குப் போனேன்.

பக்கத்துச் சந்துதான். தரைத்தளம். கதவு திறந்திருந்தது, உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். கட்டிலில் அவள் புருஷன் காலை நீட்டிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். வந்து, நிலையில் கை வைத்து நின்றாள். பெட்டியை வாங்கிக்கொண்டாள். எதுக்குக்கா இதெல்லாம் என்றாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வாங்க என்று மட்டும் சொல்லவில்லை.

என் பையில் அறுபதாயிரம் இருந்தது. அங்கே நின்றபோது எனக்கு வீடு, டோக்கன் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. செயினை மீட்க எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டேன்.

"அத நாங்க பாத்துக்கறோம்க்கா," என்றாள் ரேணுகா. "நீங்க வீட்டப் பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அழுதிருப்பேன், ஏதாவது நடந்திருக்கும். ஒரு ரவிக்கை அவசரமாக முடிக்க வேண்டும் என்றாள். சரிம்மா என்று திரும்பினேன்.

பால் காய்ச்சினேன்

டோக்கன் போக மீதி ஐம்பத்தைந்தாயிரத்தை மறுநாள் ஓனரம்மாவிடம் எண்ணிக் கொடுத்தேன். சாவியைத் தந்தார். நினைத்ததைச் செய்து முடித்தேன், ஒரு வருஷத்தில், யார் தயவும் இல்லாமல். அதில் எனக்குப் பெருமை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன்.

குடிபோன காலையில் அரை லிட்டர் பால் வாங்கி, புதுப் பாத்திரத்தில் பொங்கவிட்டேன். பொங்கும்போது நாலு பேர் நின்று பார்த்து, ஆளுக்கு ஒரு வாய் குடிப்பதுதானே முறை. சீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரையும் கூப்பிட்டிருந்தேன். கும்பிடு போடும் கைகளும் பூங்கொத்துகளுமாக ஒன்பது பதில் வந்திருந்தன. ஓனரம்மாவுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். மீதியை நானே இரண்டு தடவையாகக் குடித்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன், திறந்தேன், மறுபடி போட்டேன். அப்புறம் சுவரோரம் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன். பி.ஜி. முழுக்க இருக்கும் பதினாறு பேர் காதுபட அழ முடியாது. இங்கே தாராளமாக அழலாம், அந்த வசதியும் சேர்த்துத்தான் வாடகை என்று நினைத்து நடுவில் சிரிப்பும் வந்தது.

ஒரு வாரம் கழித்து மல்லிகாக்கா போன் செய்தார். புதுச் சீட்டு ஆரம்பிக்கிறது. நான் முந்திக்கொண்டு சொன்னேன், இந்த வருஷம் யாருக்காவது அவசரம் என்றால் என் சீட்டை எடுத்துக் கொடுத்துவிடுங்கள், யார் என்று நான் கேட்கமாட்டேன் என்று. ரேணுகா பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரேணுகா இந்த தடவ சேரலமா. தைக்கிற காசு நகை வட்டிக்கே போவுதுன்றா. பதினொண்ணு பேருதான் கீறோம். பன்னெண்டு இல்லாம எப்டி ஆரம்பிக்கிறது?"

ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முட்டி வலி, வயசாகிறது, இந்த வருஷம் சீட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன் என்றார். பிறகு, நீயே ரெண்டு சீட்டாகப் போடுகிறாயா, உனக்கென்ன பிள்ளைகள் படிப்புச் செலவா, மாமியார் மருந்துச் செலவா என்று கேட்டார். எதற்காகச் சேர்க்கப் போகிறாய் என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை.

ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் கணக்குப் போட்டேன். வாடகை ஆறாயிரம், அரிசி பருப்பு கேஸ், பஸ், கரண்ட், அதோடு மாதம் பத்தாயிரம் சீட்டுக்கு. எப்படிப் போட்டாலும் கட்டி வரவில்லை. இன்னொரு முறை போட்டேன், அப்போதும் வரவில்லை. போனில் மல்லிகாக்கா வீட்டு டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரேணுகா பேரு இருந்த எடத்துலயும் எம்பேரையே எழுதிக்கங்கக்கா," என்றேன்.